அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு, இனநீதி, வாக்குரிமை: கொள்கை ஆய்வுக்குள் நுழைபவருக்கு

அமெரிக்கப் பொதுக் கொள்கை ஆய்வு என்றால் வாஷிங்டனில் கோட்டுப் போட்டவர்கள் எழுதும் தடித்த அறிக்கைகள்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த அறிக்கைகளுக்கு அடியில் இருக்கும் தரவில் பெரும்பகுதி இலவசம், பொதுவிலும் இருக்கிறது. திருச்சியில் உட்கார்ந்தபடியே இறக்கிக்கொள்ளலாம். பொதுக் கொள்கை படிக்கப் போகும் மாணவர், அமெரிக்கச் செய்திகளை எழுதும் பத்திரிகையாளர், தரவு வேலை தெரிந்து இந்தப் பக்கம் திரும்ப நினைப்பவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பொருளாதார ஏற்றத்தாழ்வு, இனநீதி, வாக்குரிமை மூன்றையும் பல்கலைக்கழகங்கள் வேறு வேறு துறைகளில் வைத்திருக்கின்றன. களத்தில் அவை பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில்தான் வந்து விழுகின்றன. ஆகவே மூன்றையும் சேர்த்தே பழகுவது நல்லது. மூன்றுக்கும் பொதுவான ஒரு பழக்கம் போதும், பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்: எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும், "எத்தனை பேரில் இத்தனை?" என்று கேட்பது. கீழே வகுக்கும் எண்ணை மாற்றினால் கதையே மாறிவிடும். இந்தத் துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"அமெரிக்காவில் இனப் பாகுபாடு பொருளாதாரத்தை எப்படிப் பாதிக்கிறது?" என்று தொடங்குபவர்கள் மூன்று மாதம் படித்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கவேண்டும்: எந்த இடம், எந்தக் காலம், யார் பாதிக்கப்படுகிறார்கள், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது.

நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொள்கை ஆய்வுக்கு அதுதான் உயிர். அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்களும், அவற்றுக்குக் கீழே நம் மாவட்டம் போன்ற கவுண்டிகளும். இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுதும் தேர்தல் நடத்தும் ஒரே அமைப்பு அங்கே கிடையாது. ஒரு கவுண்டியில் வாக்குச்சாவடிகள் குறைந்துவிட்டன என்றால், அதைப் பற்றிய உங்கள் அறிக்கை முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அந்தக் கவுண்டியின் தேர்தல் அலுவலகம்.

கூலியிலும் இதே கதைதான். கூட்டரசின், அதாவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசின், குறைந்தபட்ச ஊதியம் 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சம் 1991 முதல் 2.13 டாலர். ஆனால் பல மாநிலங்களும் நகரங்களும் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. எந்த அரசைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சொல்லாமல் "குறைந்தபட்ச ஊதியம்" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

தரவுக்கு முன்னால் சட்டத்தின் தேதிகள்

தரவுக் கோப்பைத் திறக்குமுன் சில தேதிகளை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். வாக்குரிமையில் குறைந்தபட்சம் இவை வேண்டும்.

1870-ல் வந்த 15-ஆம் அரசமைப்புத் திருத்தம், இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. தென் மாநிலங்கள் தலைவரி (வாக்களிக்கக் கட்டவேண்டிய வரி), எழுத்தறிவுத் தேர்வு என்று சுற்றுவழிகளைக் கண்டுபிடித்தன. 1964-ல் 24-ஆம் திருத்தம் கூட்டரசுத் தேர்தல்களில் தலைவரியை ஒழித்தது. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதில் இரண்டு பிரிவுகளை நன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பிரிவு 2 நாடு முழுதுக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடவேண்டும். பிரிவு 5 பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகளுக்கு மட்டும். அவர்கள் தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் கூட்டரசிடம் முன்னனுமதி வாங்கவேண்டும். எவை அந்தப் பகுதிகள் என்பதைத் தீர்மானித்த சூத்திரம் பிரிவு 4(பி)-யில் இருந்தது.

2013 ஜூன் 25 அன்று ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சூத்திரத்தை 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. சூத்திரம் போனதும் முன்னனுமதியும் படுத்துவிட்டது. அன்றைக்கே டெக்சஸ் தன் கடுமையான வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. சில வாரங்களில் வட கரோலினா வாக்களிப்பு வசதிகளைக் குறைக்கும் ஒரு பெரிய சட்டத்தை நிறைவேற்றியது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது கவனித்த ஒரு விவரம் நம் துறைக்கு முக்கியம்: எந்த இனத்தவர் எந்த வாக்களிப்பு வசதியை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற தரவைச் சட்டமன்றம் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தது. பிறகு கறுப்பினத்தவர் அதிகம் பயன்படுத்திய வசதிகளாகப் பார்த்துக் குறைத்தது. நாம் பார்க்கும் அதே தரவை எதிர்ப்பக்கமும் பார்க்கும்!

2023-ல் அலபாமா வழக்கு. மாநில மக்களில் சுமார் 27 சதவீதம் கறுப்பினத்தவர். காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான ஏழு தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மை. உச்ச நீதிமன்றம் பிரிவு 2-ன் கீழ், இந்தத் தொகுதி வரைபடத்தை எதிர்த்த வாதிகள் பக்கம் நின்றது. ஆனால் 2019-லேயே, கட்சி லாபத்துக்காகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவதில் கூட்டரசு நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இனமும் கட்சியும் பின்னிக்கிடக்கும் தெற்கில் இது பெரிய தலைவலி. ஒரே கோட்டை ஒருவர் இனத்துக்காக வரைந்தது என்பார், இன்னொருவர் கட்சிக்காக வரைந்தது என்பார்.

பிரிவு 2 மீதும் வழக்குகள் ஓயவில்லை. ஆகவே நீங்கள் படிக்கும் எந்தச் சட்ட விளக்கத்திலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

தரவு எங்கே கிடைக்கும், எதற்கு உதவாது

எந்தத் தரவு எதற்கு உதவும் என்பதைவிட எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்வதே புதியவரைக் காப்பாற்றும்.

சொத்துக்கு: அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் நுகர்வோர் நிதிக் கணக்கெடுப்பு. 2022 சுற்றில் சுமார் 4,600 குடும்பங்கள். பெரும்பணக்காரர் சாதாரண மாதிரியில் அகப்படமாட்டார்கள் என்பதால் அவர்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கிறார்கள். எனவே எடையிடாமல், அதாவது மக்கள்தொகையில் அவர்களின் உண்மையான பங்குக்கு ஏற்பச் சரிசெய்யாமல், கணக்கிட்டால் விடை தப்பு. இன்னொரு பொறி: பொதுக் கோப்பில் ஒவ்வொரு குடும்பமும் ஐந்து வரிசைகளில் வரும், விடுபட்ட பதில்களை ஐந்து விதமாக ஊகித்து நிரப்பியிருப்பதால். சுமார் 23,000 வரிசைகளைப் பார்த்துவிட்டு 23,000 குடும்பங்கள் என்று எழுதிவிடாதீர்கள். பொதுக் கோப்பில் மாநில விவரமும் கிடையாது. "ஜார்ஜியாவில் இனவாரிச் சொத்து இடைவெளி" என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

வருமானம், கல்வி, வீடு, மொழி ஆகியவற்றுக்கு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு. 65,000-க்கு மேல் மக்கள் உள்ள இடங்களுக்கு ஓராண்டுத் தரவு. சின்ன ஊர்களுக்கு ஐந்தாண்டுத் தொகுப்பு மட்டும். ஒவ்வொரு எண்ணோடும் பிழை எல்லை (உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு) தருகிறார்கள், 90 சதவீத நம்பிக்கை அளவில். சின்னக் கவுண்டியில் கறுப்பினக் குடும்பங்களின் வருமானத்தை எடுத்தால் சில நேரம் பிழை எல்லை அந்த எண்ணின் பாதி இருக்கும். அப்படி இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

வீட்டுக் கடனுக்கு: 1975-ல் வந்த வீட்டுக் கடன் வெளிப்படுத்தல் சட்டத்தின்படி, விண்ணப்பம் ஒவ்வொன்றும் தனி வரியாக, விண்ணப்பித்தவரின் இனத்தோடு ஆண்டுதோறும் வெளியாகிறது. என் கணக்கில் புதியவர் கைவைக்க இதைவிட நல்ல கோப்பு இல்லை.

வாக்களிப்புக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இரட்டைப்படை ஆண்டுகளில் நவம்பரில் கணக்கெடுப்பு அலுவலகம் கேட்கும் கேள்விகள். இதில் மக்கள் தாங்களே சொல்வதுதான் பதிவாகிறது; வாக்களிக்காத சிலரும் வாக்களித்தேன் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு, 2002 சட்டத்தால் அமைந்த தேர்தல் உதவி ஆணையம் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் உள்ளூர் தேர்தல் அலுவலகங்களிடமிருந்து திரட்டும் எண்கள்: புதிய பதிவுகள், நீக்கப்பட்ட பெயர்கள், நிராகரிக்கப்பட்ட அஞ்சல் வாக்குகள். மூன்று, மாநில வாக்காளர் பட்டியல்கள். வட கரோலினா தன் பட்டியலை இனம், வாக்களித்த வரலாறு உட்பட இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழகுவதற்கு அதையே எடுங்கள். அதில் பெயர்களும் முகவரிகளும் இருக்கும். பொதுவில் கிடைக்கிறது என்பதற்காக அவற்றை எடுத்து மறுபடி வெளியிடும் வேலை வேண்டாம்.

கருவி என்று பார்த்தால், எக்செல் தெரிந்தால் தொடங்கிவிடலாம். கொஞ்சம் வேகம் வந்தபின் ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழி. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இப்பம்ஸ் தளம் பழைய கணக்கெடுப்புகளையும் ஒரே சீராக்கித் தருகிறது.

இனம் என்ற நிரல்

தரவு அட்டவணையில் இனம் என்ற தலைப்பில் வரும் இந்த ஒரு நிரலைப் (column) புரிந்துகொள்ளாமல் செய்த ஆய்வுகள் ஏராளம். அமெரிக்க அரசுக் கணக்கில் இனப் பிரிவுகளை வகுப்பது 1977-ல் வந்த ஒரு புள்ளியியல் வழிகாட்டு விதி. 1997-ல் திருத்தினார்கள், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்றானது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை "ஹிஸ்பானிக்" என்று இனத்திலிருந்து தனியான ஒரு கேள்வியாகக் கேட்டுவந்தார்கள். அதனால் ஒரே ஆள் வெள்ளையராகவும் ஹிஸ்பானிக்காகவும் இருக்க முடியும். 2024 மார்ச்சில் இரண்டு கேள்வியையும் ஒன்றாக்கவும், மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளிக்குத் தனிப் பிரிவு தரவும் முடிவெடுத்தார்கள். ஆகவே "வெள்ளையர்" என்று அட்டவணையில் பார்த்தால், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரா, எல்லா வெள்ளையருமா என்று கட்டாயம் பாருங்கள். பத்தாண்டு ஒப்பீட்டில் இந்த ஒரு வித்தியாசமே விடையைச் சில சதவீதப் புள்ளிகள் மாற்றிவிடும்.

நம்மவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். 1970 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் வெள்ளையர் கணக்கில் போனார்கள். 1980-ல்தான் "ஆசிய இந்தியர்" என்ற தனிப் பெட்டி வந்தது. 1970-க்கும் 1980-க்கும் இடையே ஆசியர் எண்ணிக்கை கூடியதில் ஒரு பகுதி இந்தப் பெட்டி மாற்றம்.

"ஆசியர்" என்ற சராசரியும் ஏமாற்றும். மென்பொருள் வேலைக்கு வந்த குடும்பமும், அகதியாக வந்த கம்போடியக் குடும்பமும் ஒரே பெட்டிக்குள். முடிந்த இடத்தில் எல்லாம் பெட்டியைப் பிரியுங்கள்.

தமிழருக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு பயிற்சி சொல்கிறேன். சமூகக் கணக்கெடுப்பின் விரிவான மொழி அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி உண்டு. வாக்குரிமைச் சட்டத்தின் பிரிவு 203, சில இடங்களில் ஆங்கிலம் தவிர்ந்த மொழியிலும் வாக்குச்சீட்டும் உதவியும் தரவேண்டும் என்கிறது. அதற்கான முக்கிய அளவு: ஆங்கிலம் போதாத, வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்கள் 10,000-க்கு மேல், அல்லது வாக்களிக்கும் வயதுக் குடிமக்களில் 5 சதவீதத்துக்கு மேல். அதோடு எழுத்தறிவு தொடர்பான ஒரு நிபந்தனையும் உண்டு. ஒரு கவுண்டியின் தமிழர் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து குடிமக்கள் அல்லாதவர், குழந்தைகள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். எண் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று தெரியும். அதற்கு மேல் ஒரு சிக்கல்: சட்டம் எண்ணுவது ஆசிய இந்தியர் என்ற பிரிவை; எந்த மொழியில் உதவி என்பது பிறகுதான் முடிவாகிறது. அப்படித்தான் சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் இந்தியும், நியூயார்க்கின் குவீன்ஸில் வங்காளமும் வந்தன.

கணக்கு: எத்தனை பேரில் இத்தனை?

ஒரு எடுத்துக்காட்டை மட்டும் விரிவாகப் பார்ப்போம். 2022 நிதிக் கணக்கெடுப்பின்படி வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலை நிகரச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது சுமார் 44,900. இடைநிலை என்றால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரை எடுப்பது. சராசரியை எடுத்தால் வெள்ளையருக்கு 13 லட்சம் டாலரைத் தாண்டிவிடும், சில பெரும்பணக்காரர் மேலே இழுப்பதால். சாதாரணக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் இடைநிலை. நாட்டின் மொத்தச் சொத்தில் யாருக்கு எவ்வளவு என்றால் சராசரியும் பங்கும்.

சரி, 2019-லிருந்து 2022-க்குள் இடைவெளி குறைந்ததா, கூடியதா? விலைவாசியைக் கழித்த பிறகு, கறுப்பினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 61 சதவீதம் வளர்ந்தது, வெள்ளையருடையது 31 சதவீதம். விகிதமாகப் பார்த்தால் சுமார் எட்டு மடங்காக இருந்தது ஆறு மடங்குக்குச் சற்று மேலே வந்திருக்கிறது. முன்னேற்றம்! டாலரில் பார்த்தால் இடைவெளி சுமார் 1,90,000-லிருந்து 2,40,000 ஆகியிருக்கிறது. பின்னடைவு! இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் போட்டு அறிக்கை வெளியிடுபவரைக் கண்டால் கொஞ்சம் உஷாராக இருங்கள், அவர் உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரராக இருந்தாலும்.

வறுமையிலும் இதே தந்திரம் நடக்கும். அதிகாரப்பூர்வ வறுமைக் கோடு 1960-களில் மோலி ஒர்ஷான்ஸ்கி உணவுச் செலவை மூன்றால் பெருக்கி உருவாக்கியது. அது வரிச் சலுகையாக வீட்டுக்கு வரும் பணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு அளவான துணை வறுமை அளவு எடுக்கிறது. 2021-ல் குழந்தைகளுக்கான வரிச் சலுகையைக் கூட்டிக் கொடுத்தார்கள். துணை அளவில் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. சலுகை முடிந்த 2022-ல் 12.4-க்கு ஏறியது. அதே 2021-ல் அதிகாரப்பூர்வ அளவு 15.3 சதவீதம் என்றது. சலுகை வேலை செய்ததா என்று அதிகாரப்பூர்வக் கோட்டைப் பார்த்துத் தேடினால் ஒன்றுமே தெரியாது.

வாக்களிப்பில் வகுக்கும் எண் மூன்று நான்கு வகை: எல்லா வயதுவந்தோர், வயதுவந்த குடிமக்கள், தண்டனையால் உரிமை இழந்தவரைக் கழித்த தகுதியுள்ளோர், பதிவு செய்தோர். 2020-ல் வயதுவந்த குடிமக்களை வைத்து வகுத்தால் வாக்களித்ததாகச் சொன்னவர்கள்: ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 70.9 சதவீதம், கறுப்பினத்தவர் 62.6, ஆசியர் 59.7, ஹிஸ்பானிக் 53.7. குடியுரிமையைக் கழிக்காமல் எல்லா வயதுவந்தோரையும் வைத்து வகுத்தால் கடைசி இரண்டும் மிகவும் கீழே போகும். அதை வைத்து "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கே பிழையற்றது என்றும் நினைக்கவேண்டாம். 2020 கணக்கெடுப்பைச் சரிபார்த்த பின்னாய்வு, கறுப்பினத்தவர் 3.3 சதவீதமும் ஹிஸ்பானிக் மக்கள் சுமார் 5 சதவீதமும் குறைவாக எண்ணப்பட்டதாகவும், ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 1.6 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டதாகவும் சொன்னது.

மூன்றும் ஒன்றாக வரும் இடம்: ஃப்ளோரிடா

இதை நன்றாகப் படித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும். ஃப்ளோரிடாவில் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுதும் வாக்குரிமை இழக்கும் விதி 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. 2016-ல் ஒரு மதிப்பீட்டின்படி, அந்த மாநிலத்தில் வயதுவந்த கறுப்பினத்தவரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இதனால் வாக்களிக்க முடியவில்லை. 2018 நவம்பரில் மக்கள் சுமார் 64.5 சதவீத ஆதரவோடு நான்காம் திருத்தம் என்ற மாநில அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள்: கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவற்றில் தண்டனையின் எல்லா அம்சங்களையும் முடித்தவருக்கு உரிமை திரும்பும். சுமார் 14 லட்சம் பேருக்குப் பலன் என்று பேசப்பட்டது.

2019-ல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. "எல்லா அம்சங்கள்" என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் என்றது. தண்டனை முடிந்திருக்கும், பாக்கி முடிந்திருக்காது. அரசியல் அறிவியலாளர் டேனியல் ஸ்மித் சிறைத்துறைப் பதிவுகளையும் கவுண்டி நீதிமன்ற எழுத்தர்களின் பதிவுகளையும் இணைத்துப் பார்த்தார். தண்டனை முடித்த சுமார் 10 லட்சம் பேரில் சுமார் 7,74,000 பேருக்குப் பாக்கி இருந்தது. பணம் உள்ளவருக்கு இது ஒரு காசோலை. இல்லாதவருக்கு வாக்கே போச்சு. யாரிடம் பணம் இல்லை என்ற கேள்விக்கு மேலே சொன்ன சொத்து எண்களைப் பாருங்கள்.

வழக்கில் வெளிவந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதற்குப் பெரிய கணினி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் 153 பேரை மட்டும் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க முயன்றார்கள். இணையத்தில் தேடினார்கள், போன் செய்தார்கள். மூன்று பேரைத் தவிர மற்ற அத்தனை பேரின் பதிவுகளிலும் முரண்பாடு இருந்தது. மாநிலம் முழுதுக்கும் ஒரே பாக்கிப் பதிவேடு இல்லை, 67 கவுண்டிகள். பேராசிரியர் குழுவே கண்டுபிடிக்க முடியாத தொகையை அந்த மனிதர் எப்படிக் கண்டுபிடித்துக் கட்டுவார்? 2020 மே மாதம் கூட்டரசு மாவட்ட நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் தன் தீர்ப்பில் இந்த 153 பேரைக் குறிப்பிட்டு, பெரும்பகுதி வாதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-4 என்று அதை மாற்றிவிட்டது.

ஆய்வு நன்றாக இருந்தும் வழக்கு தோற்றது என்று சோர்ந்துவிட வேண்டாம். இந்தத் துறையில் அது சகஜம். அந்த 153 பேரின் கணக்கை இன்றும் மற்ற மாநிலங்களில் எடுத்துக் காட்டலாம். இதே மாதிரி ஆய்வை நீங்கள் ஒரே ஒரு கவுண்டியில் 30 பேரை வைத்துத் தொடங்கலாம்.

காரணம் என்று எப்போது சொல்லலாம்?

அடையாள அட்டைச் சட்டம் வந்தது, வாக்களிப்பு குறைந்தது. ஆகவே சட்டத்தால் குறைந்தது. இப்படி எழுதக் கை துடிக்கும். 2017-ல் ஹஜ்னல், லாஜெவர்டி, நீல்சன் மூவரும் ஒரு புகழ்பெற்ற இதழில், கடுமையான அடையாள அட்டைச் சட்டங்கள் சிறுபான்மையினரின் வாக்களிப்பைப் பெரிதாகக் குறைப்பதாக எழுதினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த ஆண்டே வேறொரு குழு அதே தரவை எடுத்துச் சரிபார்த்து, மாநிலவாரியாக ஆண்டுக்காண்டு ஒப்பிட அந்தக் கணக்கெடுப்பு தோதானதல்ல, முடிவு நிலைக்கவில்லை என்று காட்டியது. 2021-ல் கன்டோனியும் போன்ஸும் நாடு தழுவிய வாக்காளர் பட்டியல்களை வைத்து 2008 முதல் 2018 வரை பார்த்தார்கள். எந்த இனத்திலும் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை.

இதிலிருந்து சட்டம் யாரையும் பாதிக்கவில்லை என்று தாவுவதும் தப்பு. எதிர்ப்புப் பிரசாரம் சிலரைக் கூடுதலாக வாக்களிக்கத் தூண்டியிருக்கலாம். மொத்த வாக்களிப்பு அசையாமலே சிலருக்குச் சுமை கூடியிருக்கலாம். அதனால் சுமையையே அளக்கப் பாருங்கள். கீத் சென்னும் குழுவும் 2016 தேர்தலன்று செல்பேசிகளின் இருப்பிடத் தரவை வைத்து வரிசையில் நின்ற நேரத்தை அளந்தார்கள். முழுக்கக் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில், கறுப்பினத்தவரே இல்லாத பகுதிகளைவிடக் காத்திருப்பு 29 சதவீதம் அதிகம். அரை மணிக்கு மேல் நிற்க நேர்வதற்கான வாய்ப்பு 74 சதவீதம் அதிகம்.

பொருளாதாரப் பக்கம் இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு. "வருமானத்தைச் சமமாக வைத்துப் பார்த்தால் இன வேறுபாடு மறைந்துவிடும்" என்று சொல்லிக் கணக்கில் எல்லாவற்றையும் கட்டுப்படுத்திவிடுவது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் குழுவும் 2018-ல் காட்டியது வேறு: ஒரே அளவு வருமானமுள்ள குடும்பங்களில், ஒரே தெருப்பகுதியில் வளர்ந்தாலும், கறுப்பின ஆண் பிள்ளைகள் பெரியவர்களானபின் வெள்ளையரைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். பெண்களின் தனிப்பட்ட சம்பாத்தியத்தில் அந்த இடைவெளி மிகச் சிறியது. வர்க்கமா, இனமா என்று பட்டிமன்றம் நடத்துபவர்கள் இந்த ஒரு முடிவைச் செரித்துக்கொள்ளவே திணறுகிறார்கள்.

மற்றவர்களின் அறிக்கையைப் படிக்கும்போது

பின்னாலிருந்து படியுங்கள்: முதலில் செய்முறை இணைப்பு, பிறகு அட்டவணை, கடைசியில் சுருக்கம். ஆய்வு அமைப்புகளில் டீமோஸ், பிரென்னன் மையம், எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் இடதுசாரிப் பக்கம், ஹெரிடேஜ் வலதுசாரிப் பக்கம், அர்பன் இன்ஸ்டிட்யூட், புரூக்கிங்ஸ் நடுவாக்கில் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரே விஷயத்தில் இரு பக்கத்து அறிக்கையையும் எடுத்துவைத்து, இருவரும் ஒத்துக்கொள்ளும் எண்களை முதலில் குறியுங்கள். நீங்கள் நினைப்பதைவிட நிறைய இருக்கும். லாப நோக்கமற்ற அமைப்புகள் வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவம் பொது ஆவணம். அமைப்பின் அளவும் தலைமையின் சம்பளமும் அதில் தெரியும், ஆனால் நன்கொடையாளர் பெயர்கள் பெரும்பாலும் தெரியாது.

எழுதி, உரியவரிடம் சேர்ப்பது

இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியில் முடிவு, உங்கள் பரிந்துரை, யார் என்ன செய்யவேண்டும். இரண்டாவதில் ஒரே ஒரு அட்டவணை. அதன் அடியில் வகுக்கும் எண் எது என்று ஒரு வரி. உங்கள் வாதத்துக்கு எதிரான மிக வலுவான எண்ணை நீங்களே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் அதை இன்னொருவர் எடுத்துப்போடுவார்.

கோப்புகளை இறக்கிய தேதியோடு சேமித்து வையுங்கள். 2025 தொடக்கத்தில் கூட்டரசுத் தளங்களிலிருந்து பல பக்கங்களும் கருவிகளும் காணாமல் போயின; எந்தப் பகுதிகளில் மாசின் சுமை அதிகம் என்று காட்டிய சுற்றுச்சூழல் துறையின் வரைபடக் கருவி அவற்றில் ஒன்று. இணைப்பை மட்டும் குறித்து வைத்தவர்கள் தவித்துப் போனார்கள்.

வேண்டிய பதிவு பொதுவில் இல்லையென்றால் கேட்டு வாங்கலாம். கூட்டரசின் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். மாநிலங்களில் அப்படி இல்லை: வர்ஜீனியா, டென்னசி போன்றவை தங்கள் குடிமக்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கின்றன; 2013-ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றுவிட்டது. அங்கே உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் எந்த ஆண்டு, எந்தக் கோப்பு, எந்த வடிவம் என்று துல்லியமாகக் கேளுங்கள். "அப்படி ஒரு பதிவேடு எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையும் தேதியோடு அதே கோப்பில் போட்டு வையுங்கள். அறிக்கையின் இரண்டாம் பக்கத்துக்கு அது தேவைப்படும்.